ஊசி தாய் மீனுக்குத்தான். தட்டில் உள்ள மீனுக்கு அல்ல!

"ஏம்ப்பா, இது ஊசி போட்டு வளர்த்த மீனா?"

கட்லா, ரோகு வாங்க வருகிறவர்கள் இப்படிக் கேட்பது உண்டு. கடைக்காரர் என்ன சொல்வார், பாவம்! "அதெல்லாம் இல்லம்மா, ஏரி மீன்" என்று வெட்டத் தொடங்கி விடுவார்.

ஊசி உண்மைதான். ஆனால் யாருக்கு?

கட்லாவும் ரோகுவும் ஆற்று மீன்கள். மழைக்கால வெள்ளத்தில்தான் முட்டையிடும். குளத்தில் விட்டால் கொழுகொழுவென்று வளரும், சினையும் பிடிக்கும். முட்டை மட்டும் இடாது. அதனால் அந்தக் காலத்தில் ஆற்றில் வலை கட்டிக் குஞ்சு பிடித்தார்கள். வேண்டாத மீன் குஞ்சும் அதில் கலந்து வரும்.

1957 ஜூலை 10-ந்தேதி ஒடிசாவில் விஞ்ஞானிகள் ஹிராலால் சவுத்ரியும் அலிகுன்ஹியும் இதற்கு வழி கண்டார்கள். மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து அரைத்து, அந்தச் சாற்றைத் தாய் மீனுக்கு ஊசியாகப் போட்டார்கள். முட்டை வந்தது. இப்போது மருந்து தயாராகவே கிடைக்கிறது. சாயங்காலம் ஊசி போட்டால் விடிவதற்குள் முட்டை!

அந்த முட்டையில் பிறந்த பிள்ளைதான் வளர்ந்து குழம்புச் சட்டிக்கு வருகிறது. பிள்ளைக்கு ஊசி கிடையாது. பிறகு என்ன பயம்?

ஒரே குடும்பம்

கவலைப்பட வேண்டிய சங்கதி வேறு.

ஒரு தாய் மீன் லட்சக்கணக்கில் முட்டை போடும். சில ஜோடி இருந்தாலே பண்ணை ஓடும். தீனிச் செலவு மிச்சம் என்று, சில பொரிப்பகங்களில் நாலைந்து மீனையே வைத்துக் கொள்கிறார்கள். அதன் குஞ்சையே வளர்த்து அதற்கே மறுபடி ஊசி. அண்ணன்-தங்கைக்கே கல்யாணம்! தலைமுறை தலைமுறையாக இப்படிப் போனால் வளர்ச்சி குறையும், ஊனக் குஞ்சு வரும், சாவும் அதிகம்.

பையில் துள்ளும்போது எல்லாக் குஞ்சும் ஒன்று போலத்தான் தெரியும். கடன் வாங்கிக் குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் தவிடும் புண்ணாக்கும் கொட்டுவார். மீன் வளராது. கடைசியில் "உனக்கு வளர்க்கத் தெரியலே" என்று அவர் மேலேயே பழி!

வழி இல்லாமல் இல்லை. புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன் ஆராய்ச்சி நிலையம் கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா என்று பல ஆறுகளின் ரோகுவைச் சேர்த்து, நன்றாக வளர்ந்ததைப் பொறுக்கி எடுத்து, 1997-ல் "ஜெயந்தி ரோகு"வைத் தந்தது. இந்த மாதிரி நல்ல தாய் மீனைப் பண்ணைகள் அவ்வப்போது மாற்ற வேண்டும். எங்கே வாங்கியது, எந்த ஆண்டு வாங்கியது என்று பதிவேடு வைக்க வேண்டும். குஞ்சு வாங்க வருகிறவர் கேட்டால் அதை எடுத்துக் காட்டவும் வேண்டும். மாட்டுச் சந்தையில் கூடப் பல்லைப் பார்த்துத்தான் பணத்தை எடுக்கிறார்கள்.