மடக்கினால் டேப்ளட், விரித்தால் லேப்டாப்: யாருக்குத் தேவை?

“மடக்குனா டேப்ளட் ஆயிருதாமா கண்ணு. ரெண்டு வாங்கற எடத்துல ஒண்ணு வாங்குனா போதும்னு கடையில சொல்றாங்க. வாங்கிப் போடலாமா?”

பள்ளிபாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சென்ற மாதம் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான்கு தறி ஓட்டும் குடும்பம். மகள் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். பாலம் தாண்டி ஈரோட்டில் ஒரு கடையில் ஹைபிரிட் லேப்டாப் ஒன்றைப் பார்த்து வந்திருக்கிறார்கள். அதே பிராசசர், அதே அளவு ராம் கொண்ட சாதாரண லேப்டாப்பை விட விலை 18,000 ரூபாய் கூடுதல். முழுத் தொகையும் மாதத் தவணையில் கட்ட வேண்டும்.

சாப்ட்வேர் வேலையில் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டால், தெருவில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் நம்மைத்தான் கேட்பார்கள் (இன்வெர்ட்டரும் சிசிடிவி கேமராவும் இதில் அடக்கம்). வழக்கமாக ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவேன். இந்த முறை ஒரு நாள் அவகாசம் கேட்டேன். ஏனென்றால் ஹைபிரிட் வாங்கி மாட்டிக்கொண்டவன் நான்.

2016 இல் கல்லூரியில் இரண்டாமாண்டு படித்தபோது, அப்பா தீபாவளி போனஸ் பணத்தோடு கொஞ்சம் கடனும் சேர்த்து 15,000 ரூபாய்க்கு எனக்கு ஒன்று வாங்கித் தந்தார். 10 அங்குலத் திரை, தனியாகக் கழற்றும் கீபோர்டு, 2 ஜிபி ராம், 32 ஜிபி ஸ்டோரேஜ். பெட்டியைப் பிரித்து முதன்முதலில் கீபோர்டைக் கழற்றிக் காட்டியபோது வீடே கூடி நின்று பார்த்தது. ஆனால் அந்த 32 ஜிபியில் பெரும்பகுதியை வின்டோஸே எடுத்துக்கொண்டது. ஜாவா, ஒரு எடிட்டர், இரண்டு புத்தகங்கள் போட்டதும் இடம் தீர்ந்துவிட்டது. வின்டோஸ் அப்டேட் வரும்போதெல்லாம் “போதிய இடமில்லை” என்று நின்றுவிடும். ஒரு வருடம் கழித்து கீபோர்டு சேரும் இடத்தில் உள்ள பின்கள் தளர்ந்து, டைப் செய்யும்போதே இணைப்பு விட்டுவிட்டு வந்தது. இறுதியாண்டு புராஜெக்ட்டை நண்பனின் பழைய லேப்டாப்பில்தான் முடித்தேன். மூன்று ஆண்டுகளில் அதை டேப்ளட்டாகப் பயன்படுத்திய நேரத்தைக் கணக்கிட்டால், சினிமா பார்த்ததைத் தவிர வேறொன்றும் நினைவில்லை.

இந்த ஆசை கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கும் புதிதல்ல. 2002 இலேயே மைக்ரோசாப்ட், வின்டோஸ் எக்ஸ்பியில் டேப்ளட் பிசி எடிஷன் என்று தனிப் பதிப்பு வெளியிட்டது. பேனாவால் எழுதலாம், திரையைத் திருப்பி மடக்கலாம். விலையும் எடையும் அதிகமாக இருந்ததால் வீடுகளுக்கு அது வரவே இல்லை. 2010 இல் ஐபேட் வந்து டேப்ளட் என்றால் என்ன என்பதையே மாற்றியது. நம் நாட்டில் 2011 அக்டோபரில் மாணவர்களுக்காக ஆகாஷ் டேப்ளட்டை மத்திய அரசு அறிமுகம் செய்தது. அதன் முதல் மாடலில் விரலால் அழுத்தினால்தான் வேலை செய்யும் திரை. கூடவே 256 எம்பி ராம். தொட்டுப் பார்த்தவர்கள் அதிகம், அதில் படித்து முடித்தவர்கள் குறைவு.

2012 இல் வின்டோஸ் 8 உடன்தான் இன்றைய ஹைபிரிட்கள் பிறந்தன. லெனோவா யோகா, திரையை 360 டிகிரி பின்னால் மடக்கும் வகை. மைக்ரோசாப்ட்டின் சர்பேஸ், கீபோர்டைக் கழற்றும் வகை. இன்று கடையில் நீங்கள் பார்ப்பவை எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டின் வாரிசுகள்தான். அந்த முதல் சர்பேஸ் ஆர்டி மாடல் பார்க்க அழகு. ஆனால் நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் வின்டோஸ் புரோகிராம்கள் எதையும் அதில் இன்ஸ்டால் செய்ய முடியாது. 2013 ஜூலையில் மைக்ரோசாப்ட் அதற்காக 90 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதியது. மடக்குவதிலும் கழற்றுவதிலும் குறையில்லை. வாங்கியவர் எந்த வேலைக்கு வாங்கினாரோ, அந்த வேலை அதில் நடக்கவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். ஹைபிரிட்டுக்குக் கூடுதல் பணம் தருவதற்கு ஒரே ஒரு நல்ல காரணம் உண்டு. அது பேனா. தினமும் திரையில் பேனாவால் எழுதவோ வரையவோ போகிறீர்கள் என்றால் ஹைபிரிட் வாங்குங்கள். படம் பார்க்க, பாட்டு கேட்க, செய்தி படிக்க என்றால் வேண்டாம். அதற்கு உங்கள் பாக்கெட்டில் உள்ள போனே போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டச் ஸ்கிரீன் இருந்தாலே பேனா வேலை செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நல்ல பேனா வேலை செய்ய, திரைக்குள் அதற்கென்று தனி அமைப்பு இருக்க வேண்டும். அது இல்லாத டச் ஸ்கிரீனில் ரப்பர் முனைப் பேனாதான் வேலை செய்யும், அது விரலுக்குச் சமம். எழுதும்போது உள்ளங்கை பட்டாலும் கோடு விழும். தனி அமைப்பு இருந்தாலும் எல்லாக் கம்பெனியும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. ஒன்றின் பேனா மற்றொன்றில் எழுதாமல் போகலாம். பேனா பெட்டியிலேயே வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள். கழற்றும் வகையில் பல மாடல்களுக்குக் கீபோர்டுக்கே தனி விலை. விளம்பரத்தில் உள்ள படத்தில் இரண்டும் இருக்கும், பில்லில் இருக்காது.

கடையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஸ்கேல் ஒன்றைத் திரைமேல் சாய்வாக வைத்து, பேனாவால் மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். நல்ல திரையில் கோடு நேராக வரும். சுமாரான திரையில் பாம்பு நெளிவது போல் நெளியும். வேகமாக இழுத்தால் இந்தக் குறை தெரியாது, கடைக்காரர் எப்போதும் வேகமாகத்தான் இழுத்துக் காட்டுவார். பிறகு உள்ளங்கையைத் திரையில் ஊன்றியபடி உங்கள் பெயரைத் தமிழில் எழுதுங்கள். ‘ணி’, ‘ழு’ போன்ற எழுத்துகளின் வளைவுகள் உடையாமல் வந்தால் தைரியமாக மேலே பேசலாம்.

அடுத்தது வீட்டில் எங்கே உட்கார்ந்து வேலை செய்வீர்கள் என்பது. வெளிநாட்டு விமர்சனங்களில் எல்லாரும் மேசையில் வைத்தே சோதிப்பார்கள். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் படிப்பதற்கென்று மேசை கிடையாது. தரையில் பாய், இல்லையென்றால் கட்டில். பின்னால் ஸ்டாண்ட் வைத்து நிற்கும் கழற்றும் வகை, மெத்தையிலும் கயிற்றுக் கட்டிலிலும் நிற்காது. மடியில் வைத்தால் அந்த ஸ்டாண்ட் தொடையைக் குத்தும். தரையில் உட்காருபவர்களுக்கு 360 டிகிரி மடக்கும் வகை பரவாயில்லை. கூடாரம் போல் கவிழ்த்து வைக்கலாம். ஆனால் அதை டேப்ளட்டாகக் கையில் பிடிக்கும்போது கீபோர்டு முழுவதும் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். 14 அங்குல மாடல் ஒன்றரைக் கிலோ வரை வரும். சாதாரண டேப்ளட் அரைக் கிலோதான். பத்து நிமிடம் ஒரு கையில் பிடித்துப் பாருங்கள்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். தறி ஓடும் வீட்டில் பஞ்சுத் தூசி எங்கும் பறக்கும். பேன் உள்ள எந்த லேப்டாப்பும் அந்தத் தூசியை உள்ளே இழுத்து, ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் பஞ்சு மெத்தையே தைத்துவிடும். பிறகு சூடு ஏறி வேகம் குறையும். இந்த ஒரு விஷயத்தில் பேன் இல்லாத கழற்றும் வகைதான் ஜெயிக்கும். ஆனால் பேன் இல்லாததால் அதன் பிராசசர் நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடாது. சாதாரண லேப்டாப் என்றால் வருடத்துக்கு இரண்டு முறை அடிப்பக்கத்தைத் திறந்து தூசி எடுத்தால் சரியாகிவிடும்.

ரிப்பேர் செலவைப் பற்றி வாங்கும்போது யாரும் பேசுவதில்லை. ஹைபிரிட்டில் மேல் கண்ணாடியும் டிஸ்பிளேயும் பெரும்பாலும் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடியில் கீறல் விட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ராம் பலவற்றில் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பின்னால் கூட்ட முடியாது. எனவே 8 ஜிபியில் வாங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு ஹைபிரிட்டில் செல்லாது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஹைபிரிட்களிலும் கவனம் தேவை. வின்டோஸ் 10 க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. இன்டெல் 8 ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர் உள்ள மெஷின்களுக்கு வின்டோஸ் 11 முறைப்படி கிடையாது.

2024 ஜூன் முதல் ஸ்னாப்டிராகன் எக்ஸ் பிராசசருடன் வரும் ஹைபிரிட்களும் இருக்கின்றன. பேட்டரி நன்றாக நிற்கிறது. பழைய சர்பேஸ் ஆர்டி போல் இல்லாமல் பெரும்பாலான வின்டோஸ் புரோகிராம்கள் ஓடுகின்றன. ஆனால் டிரைவர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காது. அந்தப் பிராசசருக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். வீட்டில் பழைய பிரிண்டரோ, ஜிஎஸ்டி வேலைக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோ இருந்தால், அதைக் கடைக்கே எடுத்துச் சென்று செருகிப் பாருங்கள். ஐபேடும் கீபோர்டும் சேர்த்து வாங்குவது இன்னொரு வழி. எழுதவும் வரையவும் அருமை. கணக்கு வழக்குக்கு டேலி ஓட்டும் வீட்டுக்கும் கம்பைலர் வேண்டிய பொறியியல் மாணவருக்கும் அது முதல் மெஷினாக ஆகாது.

எல்லாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருக்கோடியில் ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கும் டீச்சர் இருக்கிறார். முன்பு போனை டப்பா மேல் சாய்த்து வைத்து நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி 360 டிகிரி வகை ஒன்று வாங்கினார். இப்போது திரையிலேயே எழுதுகிறார், பாடம் முடிந்ததும் அதே பக்கங்களை மாணவர்களுக்கு அனுப்புகிறார். அவர் கொடுத்த கூடுதல் விலை வீணாகவில்லை.

2025 மார்ச் தமிழக பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தார்கள். பின்னர் எல்காட் டெண்டர் கோரியது லேப்டாப்புக்குத்தான். இரண்டில் ஒன்றுதான் என்றால் கல்லூரி மாணவருக்கு லேப்டாப் என்ற முடிவு சரி என்றே நினைக்கிறேன். அசைன்மென்ட், புரோகிராம், புராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாமே கீபோர்டு வேலை.

மறுவாரம் அக்கா, அவர் மகள், நான் மூவரும் ஈரோடு போனோம். டிஸ்பிளேயில் இருந்த ஹைபிரிட்டில் அவளையே ஸ்கேல் வைத்துக் கோடு போடச் சொன்னேன். கோடு நன்றாகத்தான் வந்தது. ஒரு சர்க்யூட் படம் வரைந்தாள், இரண்டு சமன்பாடு எழுதினாள். பிறகு, “அண்ணா, இதுல எழுதிப் பழகிட்டா பரீட்சையில பேப்பர்ல எழுத கை வருமா?” என்று கேட்டாள். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. ஊரிலேயே காகித ஆலை இருக்க, 18,000 ரூபாய்க்கு நோட்டுப் புத்தகமா என்று அக்கா சிரித்தார்.

சாதாரண 14 அங்குல லேப்டாப்பே வாங்கினோம். 12 மாதத் தவணை 9 மாதமாகக் குறைந்தது. 8 ஜிபி ராம், இன்னொரு ஸ்லாட் காலி என்று கடைக்காரர் சொன்னார். அடிப்பக்கத்தைத் திறந்து அந்தக் காலி ஸ்லாட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கட்டச் சொன்னேன்.