நகைப் பெட்டிக்குள் ஒரு ரிவால்வர்: பெண்களின் பாதுகாப்பைச் சரக்காக்கும் அரசியல்

2014 ஜனவரியில் கான்பூரில் உள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை, பெண்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டதாகக் கூறி ஒரு ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் ‘நிர்பீக்’. அஞ்சாதவர் என்று பொருள். 2012 டிசம்பர் 16 இரவு தில்லியில் ஓடும் பேருந்தில் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டு, பின்னர் உயிரிழந்த மாணவிக்கு ஊடகங்கள் சூட்டிய ‘நிர்பயா’ என்ற பெயரை நினைவூட்டும்படி அப்பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது. .32 காலிபர், டைட்டானியம் கலப்புலோகத்தால் ஆன உடல், எடை ஏறத்தாழ அரைக் கிலோ. சிறிய கைப்பையில் எளிதாக அடங்கும் என்பது விளம்பரம். நகை வைக்கும் பெட்டியைப் போன்ற அரக்கு நிறப் பெட்டியில் வைத்து அது விற்கப்பட்டது. விலை 1,22,360 ரூபாய்.

அன்று தொடங்கிய பேச்சு இன்றும் ஓயவில்லை. பெண்ணின் கைக்கு எந்தத் துப்பாக்கி இலகுவானது, எது கைப்பைக்குக் கச்சிதமானது, எதை உடைக்குள் உறுத்தாமல் மறைத்து வைக்கலாம் என்ற ஆராய்ச்சிகள் பெண் விடுதலையின் மொழியில் நடத்தப்படுகின்றன. பெண் அஞ்சாமல் நடமாடக்கூடிய தெருவை அமைத்துத் தர மறுக்கும் அரசு, அஞ்சியபடி நடப்பவளின் பைக்குள் ஓர் ஆயுதத்தைத் திணித்துவிட்டு அதற்குத் தன்னம்பிக்கை என்று பெயர் சூட்டுகிறது. இந்த ஏமாற்றைத் தோலுரித்துக் காட்ட வேண்டியுள்ளது.

அறிக்கையும் ரிவால்வரும்

தில்லிக் கொடுமைக்குப் பின் நாடெங்கும் இளைஞர்களும் மாணவர்களும் பெண்கள் அமைப்புகளும் வீதிக்கு வந்தனர். அந்த எழுச்சியின் அழுத்தத்தால் நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையில் குழு அமைக்கப்பட்டது. ஒரே மாதத்தில், 2013 ஜனவரி 23 அன்று, அக்குழு தன் அறிக்கையை அளித்தது. பெண்கள் துப்பாக்கி ஏந்த வேண்டும் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. பாதுகாப்பான பொதுப் போக்குவரத்து வேண்டும், தெருவிளக்குகள் வேண்டும், புகாரைப் பதிய மறுக்கும் காவலர்மீது நடவடிக்கை வேண்டும், காவல்துறை சீர்திருத்தம் வேண்டும், திருமண உறவுக்குள் நிகழும் வல்லுறவுக்குச் சட்டம் அளிக்கும் விலக்கு நீங்க வேண்டும், ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தின் நிழலில் பாலியல் குற்றம் புரிவோர் தப்பக் கூடாது என்று அது கூறியது.

அந்த மாணவியும் அவருடைய நண்பரும் அன்றிரவு ஏன் அந்தத் தனியார் பேருந்தில் ஏறினர்? இரவு ஒன்பது மணிக்குத் தலைநகரில் வீடு திரும்ப நம்பகமான வாகனம் கிடைக்காததால்தான் ஏறினர். அவருடைய தந்தை தில்லி விமான நிலையத்தில் சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளி. மகளைப் படிக்க வைக்க ஊரில் இருந்த நிலத்தை விற்றவர். அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்ணின் நினைவாக ஒன்றேகால் லட்ச ரூபாய்க்குச் சற்றே குறைந்த விலையில் ஒரு ரிவால்வர்! வர்மா குழு அறிக்கை வெளிவந்து ஓராண்டில் அரசுத் தொழிற்சாலை அளித்த விடை அது. மணிப்பூரில் துப்பாக்கி வன்முறையில் கணவரையும் மகனையும் இழந்த பெண்களோடு பணியாற்றிவரும் பீனாலட்சுமி நேப்ராம், இறந்த பெண்ணின் நினைவுக்கு இழைக்கப்படும் அவமதிப்பு இது என அப்போதே கண்டித்தார்.

2013ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாயுடன் நிர்பயா நிதி அறிவிக்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் அதன் பெரும்பகுதி செலவிடப்படவே இல்லை. அன்று ஆண்டது காங்கிரஸ் தலைமையிலான கூட்டணி. அதன் பின் வந்த பாஜக அரசு குற்றவியல் சட்டங்களையே மாற்றி எழுதியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் திருமண வல்லுறவுக்கான விலக்கு அப்படியே காப்பாற்றப்பட்டுள்ளது. சட்டத்தின் பெயர் மாறியது. கணவனுக்கு அளித்த சலுகை மாறவில்லை.

யாருடைய கைக்கு இலகு?

ரிவால்வர் வெளிவந்த அந்த மாதத்தில் உத்தரப்பிரதேசத்தில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாள் கூலி 142 ரூபாய். அந்தக் கூலியில் ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் ‘நிர்பீக்’ வாங்க 862 நாள் உழைக்க வேண்டும். சட்டம் உறுதியளித்ததோ குடும்பத்துக்கு ஆண்டுக்கு நூறு நாள். அதுவும் முழுமையாகக் கிடைத்தால், எட்டரை ஆண்டுகளுக்கு மேல் பட்டினி கிடந்து வாங்க வேண்டிய ‘பாதுகாப்பு’ அது. விடியுமுன் வயலுக்குச் செல்லும் தலித் பெண்ணுக்கும், செங்கல் சூளையில் தங்கி உழைக்கும் பெண்ணுக்கும், இரவுப்பணி முடித்துத் திரும்பும் ஆலைத் தொழிலாளிக்கும் இந்தப் பெட்டி திறக்காது.

பணம் இருந்தாலும் உரிமம் வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி காவல்துறையின் அறிக்கையைப் பெற்றே உரிமம் வழங்கப்படும். வல்லுறவுப் புகாரையே ஏற்க மறுத்து ஏழைப் பெண்ணை விரட்டும் காவல் நிலையம், அவளுக்குத் துப்பாக்கி வழங்கலாம் என்று அறிக்கை எழுதுமா? உரிமங்கள் யாரிடம் குவிந்துள்ளன என்பதை வட இந்தியக் கிராமங்கள் அறியும். நிலவுடைமையாளர், ஒப்பந்ததாரர், அரசியல் தரகர் ஆகியோரின் தோளில் தொங்கும் துப்பாக்கி, சாதி ஆதிக்கத்தின் அடையாளச் சின்னம். திருமண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுட்டு மனித உயிர்களைப் பறிக்கும் அந்த ‘கௌரவத்தை’த் தண்டிக்க 2019இல் சட்டத்திருத்தமே தேவைப்பட்டது.

2016 இறுதியில் நாட்டில் நடைமுறையில் இருந்த துப்பாக்கி உரிமங்கள் சுமார் 33.69 லட்சம். அவற்றில் 12.77 லட்சம் உத்தரப்பிரதேசத்தில் மட்டும் இருந்தன. பெண்களுக்கு எதிரான குற்றங்கள் எண்ணிக்கையில் மிக அதிகமாகப் பதிவாகும் மாநிலமும் அதுவே. மக்கள்தொகை மிகுந்த மாநிலம் என்பதைக் கணக்கில் கொண்டாலும், துப்பாக்கி பெருகினால் பெண் பாதுகாப்பு பெருகும் என்ற வாதத்துக்கு அங்கே எந்தச் சான்றும் இல்லை.

பீரோவின் சாவி எவரிடம்?

இருட்டுச் சந்தில் மறைந்திருக்கும் முன்பின் அறியாதவனே எதிரி என்ற கற்பனையில்தான் கைப்பைத் துப்பாக்கி விற்பனையாகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விவரங்கள் வேறு உண்மையைச் சொல்கின்றன. பதிவாகும் வல்லுறவு வழக்குகளில் சுமார் 96 விழுக்காட்டில் குற்றம் சாட்டப்படுபவர் பாதிக்கப்பட்டவருக்கு அறிமுகமானவர். குடும்பத்தினர், அண்டை வீட்டார், வேலை தருபவர், நண்பர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. பெண்களுக்கு எதிரான குற்றங்களில் ஆண்டுதோறும் முதலிடம் வகிப்பது கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமை. படியளக்கும் பண்ணையாரையும் சம்பளம் கொடுக்கும் மேற்பார்வையாளரையும் சொந்த மாமனாரையும் நோக்கி எந்தப் பெண் ரிவால்வரை நீட்ட முடியும்?

வீட்டுக்குள் நுழைந்த துப்பாக்கி எந்தப் பீரோவில் இருக்கும், அந்தப் பீரோவின் சாவி எவர் இடுப்பில் இருக்கும் என்ற கேள்வியை விற்பனையாளர்கள் எழுப்புவதில்லை. துப்பாக்கிச் சந்தையின் தாயகமான அமெரிக்காவில் நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாகப் பெண்களுக்கெனத் தனி மாதிரிகளை விற்கின்றன. அங்கே பதினொரு நகரங்களில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, கொடுமை செய்யும் துணைவனுக்குத் துப்பாக்கி எட்டும் நிலையில் பெண் கொல்லப்படும் ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது என்று காட்டியது. தற்காப்புக்கென்று வாங்கப்படும் ஆயுதம் வீட்டின் அதிகாரம் எவரிடமோ அவரிடமே போய்ச் சேர்கிறது.

கங்கையின் அக்கரையில்

கான்பூரிலிருந்து கங்கையைக் கடந்தால் உன்னாவ் மாவட்டம். 2017இல் அங்கே ஒரு சிறுமி வல்லுறவுக்கு ஆளானார். குற்றம் சாட்டப்பட்டவர் ஆளும் பாஜகவின் சட்டமன்ற உறுப்பினர் குல்தீப் சிங் செங்கர். புகார் மாதக்கணக்கில் அசையவில்லை. 2018 ஏப்ரலில் அச்சிறுமியின் தந்தை சட்டமன்ற உறுப்பினரின் ஆட்களால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். காவல்துறை கைது செய்தது தாக்கியவர்களை அல்ல, தாக்கப்பட்டவரை. கள்ளத் துப்பாக்கி வைத்திருந்ததாக அவர்மீது ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு சோடிக்கப்பட்டது. நீதி கேட்டு முதலமைச்சரின் இல்லத்தின் முன் அச்சிறுமி தீக்குளிக்க முயன்றார். மறுநாள் தந்தை காவலில் இறந்தார்.

நாடு தழுவிய கண்டனத்துக்குப் பிறகே வழக்கு சிபிஐ கைக்குச் சென்றது. 2019 டிசம்பரில் தில்லி நீதிமன்றம் செங்கருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தந்தையின் மரணத்துக்காக 2020 மார்ச்சில் அவருக்கும் காவல்துறையினர் உள்ளிட்ட மற்றவர்களுக்கும் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

ஆற்றின் இக்கரையில் அரசு பெண்ணுக்குத் துப்பாக்கி விற்கிறது. அக்கரையில் நீதி கேட்ட பெண்ணின் தந்தைமீது அதே அரசின் காவல்துறை துப்பாக்கி வழக்கைச் சுமத்துகிறது. ஆயுதம் எவர் கையில் இருக்கிறது என்பதை அதன் எடை தீர்மானிப்பதில்லை. அரசு அதிகாரம் எவர் பக்கம் நிற்கிறது என்பதே தீர்மானிக்கிறது. பாலியல் தாக்குதலைத் தடுக்கத் தாக்குபவனின் உயிரைப் பறிக்கவும் சட்டம் உரிமை அளிக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்திய ஏழை தலித் பெண்ணை எந்தக் காவல் நிலையம் தற்காப்பாளராகப் பார்க்கும், எது கொலையாளியாகப் பார்க்கும் என்பதற்கு உன்னாவே விடை.

தெலங்கானாவில் ஏந்தவில்லையா?

செங்கொடி இயக்கத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்தியதில்லையா என்று கேட்போர் உண்டு. ஏந்தினர். 1946 முதல் 1951 வரை நடந்த தெலங்கானா உழவர் போராட்டத்தில் மல்லு ஸ்வராஜ்யம் போன்றோர் ஆயுதக் குழுக்களில் நின்று போரிட்டனர். வெட்டி வேலைக்கும் நிலப்பிரபுக்களின் பாலியல் கொடுமைக்கும் எதிராக எழுந்த கிராமச் சங்கங்களின் கரமாக அந்தத் துப்பாக்கி இருந்தது. அதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான உழவர்களின் அமைப்பும் நிலத்துக்கான முழக்கமும் இருந்தன. தனியொருத்தி தன் அச்சத்துக்கு விலை கொடுத்து வாங்கிய கைப்பைப் பொருளாக அது இருக்கவில்லை. 2013இல் மும்பையில் சிவசேனை பெண்களுக்குக் கத்தி விநியோகித்ததும், துர்கா வாகினி தன் முகாம்களில் இளம்பெண்களுக்கு ஆயுதப் பயிற்சி அளிப்பதும் இந்த மரபைச் சேர்ந்தவை அல்ல. அவை பெண்ணின் அச்சத்தை வகுப்புவெறிக்கு உணவாக்குபவை.

தமிழ்நாட்டின் வாச்சாத்தி மற்றொரு பாடம். 1992இல் பழங்குடிப் பெண்கள் 18 பேரை வல்லுறவு செய்தவர்கள் அரசுச் சீருடை அணிந்தவர்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் செங்கொடி இயக்கமும் விடாது நடத்திய போராட்டத்தால் 2011இல் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முப்பதாண்டுக் காலம் அந்தப் பெண்களைக் காத்து நிறுத்தியது அவர்களின் சங்கம்.

கோர வேண்டியது எது?

ரிவால்வரைச் செய்த கான்பூர் தொழிலாளர்கள்மீது குற்றமில்லை. 2021 அக்டோபரில் 41 படைக்கலத் தொழிற்சாலைகளையும் ஏழு நிறுவனங்களாகக் கூறுபோட்ட மோடி அரசு, அதை எதிர்த்த அத்தொழிலாளர்களின் வேலைநிறுத்த உரிமையையே சட்டமியற்றிப் பறித்தது. இலாபக் கணக்குக்குள் தள்ளப்பட்ட நிறுவனம் புதிய சந்தையைத் தேடும். பெண்களின் அச்சத்தைவிட வற்றாத சந்தை அதற்கு எங்கே கிடைக்கும்?

பெண்களுக்குத் தேவை கைக்கு இலகுவான துப்பாக்கி அல்ல. இரவிலும் ஓடும் அரசுப் பேருந்து, எரியும் தெருவிளக்கு, வீட்டுக்கு வீடு கழிப்பறை, பெண் எழுதிக் கொடுத்த புகாரை அன்றே பதியும் காவல் நிலையம், உள்ளகப் புகார்க் குழு உண்மையாகவே இயங்கும் பணியிடம், வன்முறை வீட்டைவிட்டு வெளியேறும் பெண்ணுக்குத் தங்க இடமும் வேலையும் ஆகியவையே தேவை. வர்மா குழுவின் பரிந்துரைகளை முழுமையாக நிறைவேற்று என்ற முழக்கம் ஒவ்வொரு கிளையிலும், தொழிற்சங்கத்திலும், மாதர் அமைப்பிலும் மீண்டும் எழ வேண்டும். பெண்ணின் பாதுகாப்பு கடையில் விற்கும் சரக்கல்ல. அது அரசின் கடமை. அந்தக் கடமையை நிறைவேற்ற வைக்கும் வலிமை, அமைப்பாகத் திரண்ட பெண்களுக்கும் அவர்களோடு தோள் சேரும் உழைக்கும் மக்களுக்குமே உண்டு.