சேமித்த கேமுக்குச் சந்தா எதற்கு?

கோடை விடுமுறையில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அன்று மாலை இடியுடன் மழை. கேம் கன்சோலின் பிளக்கைப் பிடுங்கி வைக்க மறந்துவிட்டார்கள். மறுநாள் அது ஆன் ஆகவில்லை. "மிஷினைக்கூட ரிப்பேர் பண்ணிடலாம் மாமா, நாலு மாசமா விளையாடுனது போச்சே" என்று மருமகன் அழுதுவிட்டான். கிளவுடில் ஒரு நகல் இருக்குமே என்று தேடினோம். சந்தா கட்டவில்லை என்பதால் அங்கே எதுவுமே ஏறியிருக்கவில்லை.

கிளவுட் சேமிப்பு என்றால் முழு கேமும் இணையத்தில் போய் உட்காருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள், என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள் என்ற குறிப்பு மட்டும் ஒரு சிறிய ஃபைலாக நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. கேம் 100 ஜிபி இருந்தாலும் இந்த ஃபைல் பெரும்பாலும் சில எம்பிதான். பிராட்பேண்ட் இல்லாத வீட்டில் செல்போன் ஹாட்ஸ்பாட்டிலேயே அனுப்பிவிடலாம். கன்சோல் பழுதானால், புதியதில் அதே கணக்கில் நுழைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பிளேஸ்டேஷன் 2 காலத்தில் இதற்கு 8 எம்பி மெமரி கார்டு இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போகலாம். 2011-ல் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டுக்கும் கிளவுட் வசதி வந்தது. இரண்டிலும் பணம் கட்டியவர்களுக்கு மட்டும்தான்.

எக்ஸ்பாக்ஸ் ஒன் முதல் மைக்ரோசாஃப்ட் இதை இலவசமாகத் தருகிறது. சோனியோ பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கேட்கிறது. 2022-ல் அதன் அடிப்படைத் திட்டம் இந்தியாவில் மாதம் 499 ரூபாய். நின்டென்டோ ஸ்விட்சிலும் சந்தா வேண்டும். அது முடிந்தால் 180 நாட்கள் வரைதான் ஃபைலை வைத்திருப்பார்கள்.

ஆன்லைனில் பலரோடு விளையாடுவதற்கும், மாதாமாதம் தரும் கேம்களுக்கும் பணம் கேட்கட்டும், அது வியாபாரம். ஆனால் நம் உழைப்பில் உருவான சில எம்பி ஃபைலைக் காப்பாற்றுவதற்கும் கட்டணமா? பிளேஸ்டேஷன் 4-ல் அந்த ஃபைலை பென் டிரைவில் காப்பி செய்துகொள்ள முடிந்தது. பிளேஸ்டேஷன் 5 கேம்களின் சேவ் ஃபைலைத் தனியாக அப்படி எடுக்க வழியில்லை. ஒரு கதவை மூடிவிட்டு, இன்னொரு கதவுக்கு டிக்கெட் விற்பது நியாயமில்லை. ஒன்று கிளவுடை இலவசமாகத் தர வேண்டும். இல்லையென்றால் பென் டிரைவ் வழியையாவது திறந்துவிட வேண்டும்.

சந்தா கட்டிவிட்டோம், இனி கவலையில்லை என்றும் இருந்துவிடாதீர்கள். 2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் முடங்கியபோது மூன்று வாரங்களுக்கு மேல் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. மேலும், பழுதான சேவ் ஃபைல் மேலே ஏறினால் நல்லதை அழித்துவிடும். இரண்டு கன்சோலில் விளையாடுபவரிடம் எந்த நகலை வைத்துக்கொள்வது என்று கேட்கும். அப்போது தேதியும் நேரமும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆட்டம் முடிந்ததும் ஸ்விட்சைப் பட்டென்று அணைக்காமல், ஃபைல் ஏறி முடிக்க ஓரிரு நிமிடம் கொடுங்கள். இடி இடித்தால் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவதுதான்.

பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறையும், முடித்த சரக்கை வைக்கும் அறையும் இடைவெளி விட்டுத் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்கக் கூடாது என்பது அச்சங்குளத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கன்சோல் நிறுவனங்களுக்கும் அது தெரியாமல் இல்லை. அந்த இரண்டாவது அறைக்கு வாடகை கேட்காமல் இருந்தால் போதும்.