பெட்டியைத் திறக்கலாம், கடிதத்தைப் பிரிக்கலாமா?

சென்ற மாதம் என் மகள் வயிற்றுப் பேரன் லியோனிலிருந்து தொலைபேசியில் பேசினான். ஆராய்ச்சி மாணவன். ஒரு கருத்தரங்குக்காக வேறொரு நாட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தான். எந்த நாடு என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பேச்சு அந்த நாட்டைப் பற்றியதாகப் போய்விடும். நான் சொல்ல வருவது அதுவல்ல.

அங்கே இறங்கியதும் வரிசையிலிருந்து இவனைத் தனியாக அழைத்திருக்கிறார்கள். லேப்டாப்பைத் திறக்கச் சொல்லி, கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு, உள்ளறைக்கு எடுத்துப் போய், 50 நிமிடம் கழித்துக் கொண்டு வந்து கொடுத்தார்களாம். எதைத் தேடினார்கள், எதைப் பார்த்தார்கள், பிரதி எடுத்தார்களா, ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துண்டுக் காகிதம்கூடக் கொடுக்கவில்லை. போகலாம் என்று கை காட்டினார்கள், அவ்வளவுதான்.

"பாட்டியோட கடிதமெல்லாம் அதுலதான் தாத்தா இருந்துச்சு" என்றான்.

விஷயம் இதுதான். நான் மாஹேயில் மூன்று வருடம் வேலை பார்த்தபோது என் மனைவி புதுச்சேரியிலிருந்து எனக்கு எழுதிய கடிதங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அவள் போய் ஒன்பது வருடமாகிறது. போன டிசம்பரில் பேரன் வந்திருந்தபோது எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு போனான். ஓய்வு நேரத்தில் தட்டச்சு செய்து தருகிறேன், எனக்கும் தமிழ் படித்த மாதிரி இருக்கும் என்றான். அதில் ரேஷன் அரிசி, குழந்தைக்குக் காய்ச்சல், மாமியார் மேல் வருத்தம், இன்னும் கணவனுக்கு மட்டும் எழுதக்கூடிய நாலு வரிகள், எல்லாம் உண்டு. அவற்றை யாரோ ஒருவர் பார்த்திருக்கலாம். பார்க்காமலும் இருந்திருக்கலாம். தமிழ் தெரியாதவராகத்தான் இருப்பார். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சுங்கச் சோதனை எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி ஒரே துண்டாக இருந்ததில்லை. இடையிடையே அந்தப் பக்கத்து ஊர்கள். 1949இல் இந்தியாவுடன் இருந்த சுங்க ஒப்பந்தம் முடிந்துபோனதும் எல்லைச் சாவடிகளில் கெடுபிடி கூடியது. 1954 நவம்பர் 1 வரை அந்த நிலைதான். அப்போது நான் சின்னப் பையன். என் நினைவில் இருப்பது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றதும், தகரப் பெட்டி திறக்கும் சத்தமும்தான். மற்றதெல்லாம் அப்பா பிறகு சொன்னது. அங்கே தேடியது தங்கம், கைக்கடிகாரம், சீமைச் சாராயம், பட்டுத்துணி. பெட்டியில் கடிதக் கட்டு இருந்தால் ஒதுக்கி வைத்துவிட்டு அடியில் என்ன என்று பார்ப்பார்களாம். கடிதத்துக்குத் தீர்வை கிடையாது, அதனால் அதில் அவர்களுக்கு வேலையும் கிடையாது.

நான் சோதனையே கூடாது என்கிற கட்சி அல்ல. விமான நிலையத்தில் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்வதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அதன் பேட்டரியும் உள்ளே இருக்கும் உலோகமும் எக்ஸ்ரே படத்தில் மற்ற பொருள்களை மறைத்துவிடும். தனியாக வைத்தால் தெளிவாகத் தெரியும். அது கருவியைப் பார்ப்பது. விமானத்தில் கூட வருகிற எல்லாருடைய உயிருக்காகவும் செய்வது. அதேபோல, பதினெட்டு வயது நிரம்பியவர் ஒரு லேப்டாப்பைத் தீர்வையில்லாமல் கொண்டு வரலாம் என்பது நம் நாட்டுப் பயண மூட்டை விதி. நாலைந்து கொண்டு வந்தால் நிறுத்திக் கேட்கத்தான் வேண்டும். இவையெல்லாம் பெட்டியைப் பற்றிய கேள்விகள். பெட்டிக்குள் இருக்கும் எழுத்தைப் படிப்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே மேசையில், ஒரே அதிகாரத்தில் செய்வதில்தான் தவறு தொடங்குகிறது.

அமெரிக்காவில் இந்த வழக்கு வெகுநாளாக நடக்கிறது. அங்கே சுங்க அதிகாரி வாரண்டு இல்லாமல் கப்பலில் ஏறிச் சோதிக்கலாம் என்று 1789 ஜூலையிலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். மாடத்தில் வந்த மூட்டைக்கு அது சரி. அந்தப் பழைய அதிகாரத்தை அப்படியே லேப்டாப்புக்கும் நீட்டினார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கிய ஒரு பயணியின் வழக்கில், லேப்டாப்பைச் சோதிக்கச் சந்தேகம் எதுவும் இருக்க வேண்டியதில்லை என்று 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சூட்கேசும் லேப்டாப்பும் ஒன்றுதான் என்கிற வாதம்.

ஒன்றா? என் வீட்டு அலமாரி, பீரோ, பரண் மூன்றையும் கவிழ்த்தாலும் பேரனின் லேப்டாப்பில் உள்ள காகிதம் தேறாது. சூட்கேஸில் போகிற ஊருக்கு வேண்டியதை மட்டும் வைப்போம். லேப்டாப்பில் பத்து வருட வாழ்க்கை தானாகச் சேர்ந்து கிடக்கிறது. அழித்தவைகூட அதில் கிடக்கும், தேடத் தெரிந்தவர் எடுத்துவிடலாம் என்கிறான் பேரன்.

2010 மே மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிரெஞ்சு, அமெரிக்கக் குடியுரிமை இரண்டும் உள்ள ஒரு மாணவர் மாண்ட்ரியாலிலிருந்து நியூயார்க்குக்கு ரயிலில் போனார். இஸ்லாமிய வரலாற்றில் ஆராய்ச்சி செய்பவர். எல்லையில் லேப்டாப்பைத் திறந்தார்கள். ஆராய்ச்சிக்காகச் சேர்த்து வைத்திருந்த சில அரசியல் பேரணிப் படங்கள் இருந்தன. ஆளை மணிக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள், லேப்டாப் 11 நாள் கழித்துத் திரும்பி வந்தது. அவர் மேல் குற்றம் எதுவும் சாட்டவில்லை. வழக்குப் போட்டார், 2013 கடைசியில் அது தள்ளுபடியானது. இதைப் படித்தபோது எனக்குப் பேரனின் முகம்தான் கண்ணில் வந்தது. படிக்கிற பிள்ளையின் லேப்டாப்பில் அவன் படிக்கிற விஷயம்தானே இருக்கும்?

எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போகிறது. அமெரிக்கச் சுங்க, எல்லைக் காவல் துறையே வெளியிட்ட கணக்குப்படி, 2015 நிதியாண்டில் 8,503 பேரின் மின்னணுக் கருவிகளைச் சோதித்தார்கள். 2019இல் 40,913 பேர். 2024இல் 47,047 பேர். ஆண்டுக்கு 42 கோடிப் பேர் வந்து போகும் எல்லையில் இது பத்தாயிரத்தில் ஒருவர்தான் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஒருவரை எப்படிப் பொறுக்குகிறார்கள் என்பதுதான் கேள்வி. பெயரைப் பார்த்தா, நிறத்தைப் பார்த்தா, போன ஊரைப் பார்த்தா? காரணத்தை எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டால் காரணமே இல்லாமலும் பொறுக்கலாம்.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். குழந்தைகளைப் பாழாக்கும் படங்களை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன 2008 வழக்கே அப்படிப்பட்டதுதான். அந்த மாதிரி ஆளைப் பிடிக்க வேண்டாம் என்று எந்தத் தாத்தாவும் சொல்லமாட்டான். சந்தேகம் இருந்தால்தான் திறக்கலாம் என்று கட்டிப் போட்டால் அவர்கள் தப்பிவிடமாட்டார்களா என்று என் மாப்பிள்ளையே கேட்டார்.

அவருக்கு நான் சொன்ன பதில் 2013இல் வந்த இன்னொரு தீர்ப்பு. அரிசோனா எல்லையில் 2007இல் ஒருவரை நிறுத்தினார்கள். குழந்தைகள் சம்பந்தப்பட்ட குற்றத்தில் ஏற்கெனவே தண்டனை பெற்றவர் என்று கணினியில் குறிப்பு வந்தது. லேப்டாப்பை 170 மைல் தள்ளி டூசானுக்கு எடுத்துப் போய் ஆழமாகச் சோதித்ததில் படங்கள் கிடைத்தன. அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த முறை, ஆய்வகத்தில் வைத்துத் துருவிச் சோதிப்பதற்கு நியாயமான சந்தேகம் வேண்டும் என்று சொன்னது. சொல்லிவிட்டு, இந்த ஆள் விஷயத்தில் அப்படிப்பட்ட சந்தேகம் இருந்தது, ஆகவே சோதனை செல்லும் என்றும் சொன்னது. ஆக, காரணம் வேண்டும் என்ற நிபந்தனையால் குற்றவாளி தப்பவில்லை.

அதற்குப் பிறகு 2018 ஜனவரியில் அமெரிக்கச் சுங்கத் துறையே விதியை மாற்றியது. கருவியை இணைத்துப் பிரதி எடுக்கும் சோதனைக்கு நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் கவலையோ இருக்க வேண்டும், இணையத்தில் வேறிடத்தில் உள்ளதை இழுத்துப் பார்க்கக் கூடாது என்று எழுதினார்கள். ஆனால் கையால் புரட்டிப் பார்க்க இன்னும் காரணம் வேண்டியதில்லை. என் மனைவியின் கடிதத்தைப் படிக்கக் கையால் புரட்டினால் போதுமே!

நியூசிலாந்து வேறு வழியில் போனது. 2018 அக்டோபரில் வந்த அவர்களது புதிய சட்டப்படி, கடவுச்சொல் தர மறுத்தால் 5,000 நியூசிலாந்து டாலர் வரை அபராதம். கேட்கக் கடுமையாக இருக்கிறது. ஆனால் சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால்தான் அதிகாரி கேட்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கடுமையும் இருக்கிறது, வரம்பும் இருக்கிறது. எனக்கு அது கொஞ்சம் பரவாயில்லை என்று படுகிறது.

பிரான்ஸ் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான ஆன்சி, வெளிநாடு போகிறவர்களுக்காக ஒரு சிறு கையேடு வெளியிட்டிருக்கிறது. பயணத்துக்கென்று தனிக் கருவி வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பயணத்துக்கு வேண்டியதைத் தவிர வேறெதுவும் அதில் இருக்க வேண்டாம் என்பது அதன் சாரம். ஓர் அரசாங்கமே தன் மக்களிடம் வெறும் லேப்டாப்போடு போ என்று சொல்கிறது. அப்படியென்றால் விவரம் தெரிந்த கெட்டவன் வெறும் லேப்டாப்போடுதான் போவான். வேண்டியதை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் கையை வீசிக்கொண்டு எல்லை தாண்டுவான். மாட்டிக்கொள்கிறவர்கள் பாட்டியின் கடிதத்தோடு போகிற என் பேரனைப் போன்றவர்கள்தான். தங்கம் சாவடி வழியாகத்தான் வந்தாக வேண்டும். எழுத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நான் முப்பத்து நான்கு வருடம் அரசாங்கத்தில் எழுத்தராக இருந்தவன். எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய கோப்பை வெளியே எடுப்பதென்றால்கூட யார் எடுத்தது, எதற்கு, எப்போது திரும்பியது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். போலீஸ் ஒரு வீட்டில் பொருளைக் கைப்பற்றினால் இரண்டு சாட்சிகளை வைத்து மகசர் எழுதிப் பட்டியலின் நகலைக் கொடுக்க வேண்டும். நம் சுங்கச் சட்டத்திலும், கைப்பற்றிய பொருளுக்கு ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் தராவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற விதி உண்டு. ஒரு மூட்டைத் துணிக்கு இத்தனை காகிதம். ஒருவனின் பத்து வருட வாழ்க்கையை 50 நிமிடம் உள்ளே எடுத்துப் போனதற்கு ஒரு ரசீது கிடையாதா?

ஆகவே நான் கேட்பது எழுத்தர் புத்திக்கு எட்டிய மூன்று விஷயங்கள்தான். திறப்பதற்கு முன் காரணத்தை எழுது. எழுத முடியாத காரணம் காரணமே அல்ல. திறந்த பிறகு என்ன பார்த்தாய், பிரதி எடுத்தாயா, அதை எப்போது அழிப்பாய் என்று ஒரு தாள் கொடு. ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் கிடைக்கவில்லை என்றும் எழுதிக் கொடு. இதனால் வரிசை நீளும் என்பார்கள். நீளாது, குறையும். காரணம் எழுத வேண்டும் என்றால் நூறு பேரைத் திறக்கிற இடத்தில் பத்துப் பேரைத்தான் திறப்பார்கள். எழுத வேண்டிய வேலை வந்தால் வீண் வேலை எப்படிக் குறையும் என்பது அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். இது எந்த நாட்டுக்கும் சேர்த்துத்தான், நம் நாட்டுக்கும்தான்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பிரெஞ்சு வரலாறு நடத்திய ஆசிரியர், மன்னர் காலத்தில் மக்களின் கடிதங்களைத் திருட்டுத்தனமாகப் பிரித்துப் படித்த 'கபினே நுவார்' என்ற கறுப்பு அறையைப் பற்றிச் சொல்வார். புரட்சி வந்ததும் 1790இலேயே கடிதத்தின் ரகசியம் மீறக்கூடாதது என்று சட்டம் செய்தார்கள். மன்னராட்சியை ஒழிப்பதற்கும் முன்னால்! அந்த அவசரம் அன்று எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது.

சுங்கத்துக்குப் பிரெஞ்சில் 'துவான்' என்று பெயர். நம்முடைய 'திவான்' வந்த அதே பாரசீக வேரிலிருந்து வந்த சொல். அதன் பழைய பொருள் கணக்குப் பதிவேடு. பெயரிலேயே பதிவேட்டை வைத்துக்கொண்டிருக்கிற இலாகா, தான் செய்வதை எழுதி வைக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பேரனிடம் இனிமேல் கடிதங்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டேன். "சாரி தாத்தா" என்றான். அவன் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? கேட்க வேண்டியவர்கள் கை காட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். தட்டச்சு வேலை நிற்கவில்லை. இதுவரை நாற்பது கடிதம் முடிந்திருக்கிறது.