பத்து ரூபாய் போக்கர்தானேண்ணா!

போன ஞாயிறு மர்பி டவுனிலிருந்து சித்தி மகன் போன் பண்ணினான். "சின்ன டேபிள்தானேண்ணா, தப்பைத் திருத்திக்கிட்டா ஜெயிச்சிடலாம்."

என்ன தப்பு? வந்த சீட்டையெல்லாம் ஆடுகிறான். யாருமே ஃபோல்ட் செய்யாத டேபிளில் பிளஃப் வேறு! ஜோடி ஏஸ் சராசரியாக 221 கைக்கு ஒருமுறைதான் வரும். அதுவரை சும்மா இருக்க இவனுக்கு ஏது பொறுமை?

சரி, திருத்திவிட்டான் என்றே வைப்போம். 100 ரூபாய் பந்தயத்துக்கு 5 ரூபாய் கமிஷன் போனால், இருபதே ஆட்டத்தில் டேபிளிலிருந்து 100 ரூபாய் காலி. எதிராளியை ஜெயித்தால் போதாது தம்பி, கமிஷனையும் ஜெயிக்கணும்.

"ஸ்கில் கேம்ணா, 2022-ல கர்நாடக ஹைகோர்ட்டே தடையை ரத்து பண்ணிச்சே" என்கிறான். 2025-ல் பாராளுமன்றம் போட்ட தடைச் சட்டம் மட்டும் ஐயாவுக்கு ஞாபகமில்லை!

சித்திக்கு இன்னும் தெரியாது. போனை வைக்கும் முன் என்னிடம் ஐயாயிரம் கேட்டான்.