ஆற்றின் வக்கீலுக்கு எந்தக் கல்லூரி?

பிளஸ் டூ முடித்த பிள்ளையொன்று, தான் சட்டம் படித்துச் சுற்றுச்சூழல் வழக்குகளை நடத்த விரும்புவதாகச் சொன்ன மாத்திரத்தில், திருத்தணி வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி பெரும்பாலும் ஒன்றே: "பெங்களூரிலோ டில்லியிலோ இருக்கிற தேசியச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தால் படி, பிறகு வெளிநாட்டுக்குப் போய் மேல்பட்டம் வாங்கு, இரண்டுக்கும் வழியில்லையென்றால் அந்த ஆசையை விட்டுவிட்டுப் பாகப்பிரிவினை வழக்கு நடத்திப் பிழைத்துக்கொள்." பிள்ளையின் க்ஷேமத்தை நாடிச் சொல்லும் வார்த்தைகளே இவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், சுற்றுச்சூழல் சட்டம் பிரபலமான சில வித்தியாசாலைகளில் மட்டுமே கைவரும் வித்தை என்ற அபிப்பிராயம் அடியோடு பிழையானது. நம் ஜில்லாவின் ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் வந்து சேர வேண்டிய வக்கீல்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவதால், தீங்கானதும் ஆகும்.

இச்சட்டம் இந்தியாவில் வளர்ந்த சரித்திரத்தைப் பாருங்கள். நமக்கு அண்டையிலுள்ள பாலாற்றுப் பிரதேசத்தில், தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாகிவிட்டதென்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கணக்கெடுத்துச் சொல்ல, அங்குள்ள குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில்தான், 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி, மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுகொடுக்க வேண்டும் என்ற தத்துவத்தையும், தீங்கு நேருமுன்பே காக்க வேண்டும் என்ற தத்துவத்தையும் இந்த நாட்டுச் சட்டத்தின் அங்கங்களாக உச்ச நீதிமன்றம் ஸ்தாபித்தது. அதில் வாதாடிய எம்.சி. மேத்தா ஜம்மு பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றவர். அவர் 1984இல் தாஜ்மகாலைக் காக்க வழக்குத் தொடுத்தபோது, தேசியச் சட்டக் கல்லூரி ஒன்றுகூட இந்தியாவில் திறக்கப்பட்டிருக்கவில்லை. அதே 1996ஆம் ஆண்டில் கடற்கரை இறால் பண்ணைகளுக்கெதிராகத் தீர்ப்புப் பெற்ற மனுதாரர் ஜெகந்நாதன் ஒரு காந்தியத் தொண்டர். கூடலூர்க் காடுகளுக்காக 1995இல் நீதிமன்றம் ஏறிய கோதவர்மன் திருமுல்பாடு, நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்தவர். எந்தக் கிணறு கெட்டது, எந்த மரம் வெட்டுண்டது என்று இடமறிந்தவர்கள் முன்னே நிற்க, அவர்களுக்குப் பின்னேதான் சட்டம் வந்தது.

வழக்கு எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் விழுகிறது என்பதையும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஓர் ஆலையின் கழிவுநீரை மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்து அதிகாரி எடுக்கிறார் என்று வையுங்கள். 1974ஆம் வருஷத்து நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, அதைப் பரிசோதனைக்கு அனுப்பப்போவதாக ஆலைப் பொறுப்பாளருக்கு அங்கேயே அப்போதே நோட்டீஸ் கொடுத்து, அவர் கண்ணெதிரே நீரை இரண்டு பாகமாக்கி, தனித்தனிப் பாத்திரத்தில் அடைத்து, அடையாளமிட்டு, முத்திரை வைத்து, இருவரும் கையெழுத்திட்டு, தாமதமின்றி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த முறை தவறினால், பாத்திரத்தில் இருப்பது சாட்சாத் விஷமே ஆயினும், ஆய்வின் முடிவு சாட்சியமாக ஏற்கப்படாது. இதைப் புத்தகத்தில் ஒருமுறை வாசித்தவருக்கும், சாயப்பட்டறை வாய்க்காலின் ஓரத்தில் நின்று பார்த்தவருக்கும் உள்ள வித்தியாசம் குறுக்கு விசாரணையின்போது தெரியும். ஏரி வழக்கும் இப்படியே: 'அ' பதிவேட்டையும் அடங்கலையும் புலப்படத்தையும் ஒத்துப்பார்த்து, இன்ன புல எண் ஏரிப் புறம்போக்கு என்று விரல்வைத்துக் காட்டத் தெரியாதவரிடம், நீர்நிலை ஆக்கிரமிப்பைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2005இல் எல். கிருஷ்ணன் வழக்கில் கூறிய தீர்ப்பு இருந்தும் பிரயோஜனமில்லை.

இந்த வகையில் திருத்தணிப் பிள்ளைக்குள்ள அனுகூலம் வேறெவருக்கும் எளிதில் கிட்டாதது. 1960 ஏப்ரல் முதல் தேதிவரை சித்தூர் ஜில்லாவில் இருந்த ஊர் இது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் கேட்டு வளர்கிறவர்கள் நாம். ஊரையொட்டி ஓடும் நந்தியாறு கொசஸ்தலையில் கலக்கிறது. கொசஸ்தலையோ ஆந்திர எல்லையைத் தாண்டி வந்து, பூண்டி ஏரியை நிரப்பி, எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு சேர்கிறது. மேலே அங்கே ஒரு தடுப்பணை எழுந்தாலும், இங்கே மணல் அள்ளப்பட்டாலும், இரு மாநில விவகாரத்தையும் கேட்பது சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுதான். இரண்டு கரையிலும் உள்ள குடியானவனோடு அவனவன் பாஷையில் பேசி, இரண்டு பக்கத்துக் கிராமக் கணக்கையும் வாசிக்கக்கூடிய வக்கீல் அங்கே எத்தனை பேருக்குச் சமம்!

பெரிய ஸ்தாபனங்களின் புஸ்தகசாலையையும் அங்குள்ள ஆசிரியர்களின் தேர்ச்சியையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. இடமும் பணமும் கிடைப்பவர் தாராளமாகப் போகட்டும். ஆனால் லட்சக்கணக்கில் கடன்பட்டுப் படித்தவர், அந்தக் கடன் தீரும்வரை கம்பெனிகளின் பக்கம் நிற்க நேரிடுமே தவிர, பீஸ் கொடுக்க வகையற்ற விவசாயியின் பக்கம் நிற்பது கடினம் என்பதையும் பெற்றோர் எண்ணிப்பார்க்க வேண்டும். சென்னைச் சட்டக் கல்லூரி 2018இல் இடம்பெயர்ந்தபோது, அதன் ஒரு கிளை, நம் ஊருக்கும் திருவள்ளூருக்கும் இடையே பட்டரைப்பெரும்புதூரில் அமைந்தது. வழக்கறிஞர் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி சுற்றுச்சூழல் சட்டம் எல்லாச் சட்டக் கல்லூரிகளிலும் கட்டாயப் பாடம். ஆகையால் கல்லூரியைத் தேர்கையில் தரவரிசையைக் காட்டிலும் கவனிக்க வேண்டியவை, அதன் இலவசச் சட்ட உதவி மையம் கிராமங்களுக்கு மெய்யாகவே போகிறதா என்பதும், விசாரணை நடக்கும் நாளில் தீர்ப்பாயத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்ப முடியுமா என்பதும்தான். அத்தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினரோடு விஞ்ஞான நிபுணரும் அமர்வதால், முதலில் ரசாயனமோ நிலவியலோ பட்டமாகப் படித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு வருவதும் மிக நல்ல மார்க்கம். இவ்வூரில் 1888இல் பிறந்த ராதாகிருஷ்ணன், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பெற்ற எம்.ஏ. பட்டத்தோடு, அயல்நாட்டுக் கல்லூரி எதிலும் பயிலாமலே, 1936இல் ஆக்ஸ்போர்டின் பேராசிரியர் பீடத்தில் அமர்ந்ததை இவ்வூரார் மறக்கலாகாது.

ஒரு திட்டத்துக்கு அளிக்கப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய, தீர்ப்பாயச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தருவது 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் மேற்கொண்டு 60 நாள்வரை கிடைக்கும், அதற்கப்பால் ஒரு நாளும் இல்லை. பள்ளிப்பட்டிலோ ஆர்.கே. பேட்டையிலோ இருக்கிற ஒரு குடியானவர், ஆங்கிலத்தில் அச்சிட்ட அந்த உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால், அதைப் படித்துச் சொல்லி மனு எழுதித் தரக்கூடிய வக்கீல் ஒருவர் அந்தக் கெடுவுக்குள் திருத்தணியிலேயே அவருக்குக் கிடைக்க வேண்டும்.