துறுதுறுப்பு என்று தள்ளிப்போடலாமா? ஏ.டி.எச்.டி. பிள்ளைகளும் நாம் தட்ட வேண்டிய கதவும்

பள்ளிக்கூடம் திறந்து முதல் பெற்றோர் கூட்டம் முடிந்ததும் சில தாய்மார்கள் கலங்கிய முகத்தோடு வீடு திரும்புவதைப் பார்க்கிறோம். 'உங்கள் பையன் ஓரிடத்தில் உட்காருவதில்லை, எழுதச் சொன்னால் பாதியில் எழுந்துவிடுகிறான், பக்கத்துப் பிள்ளையையும் படிக்க விடுவதில்லை' என்று ஆசிரியை சொல்லியிருப்பார். மாலையில் மக்தப் மதரஸாவிலிருந்தும் இதே புகார் வரும். 'ஆம்பளைப் பிள்ளை என்றால் அப்படித்தான்' என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். கண்ணூறு பட்டிருக்கும் என்று சிலர் தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள். இப்படியே இரண்டு மூன்று வருடங்கள் ஓடிவிடுகின்றன.

இந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு. உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. மூளையின் வளர்ச்சி சார்ந்த இக்குறைபாட்டில் மரபணுக்களின் பங்கு மிகப் பெரியது. தாயின் வளர்ப்புச் சரியில்லை என்று மாமியார் வீட்டில் பழி சொல்வதற்கு இதில் இடமே இல்லை.

இதற்குச் சிகிச்சை இருக்கிறது. ஆனால் எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பதில்தான் நம் குடும்பங்கள் காலத்தையும் காசையும் இழக்கின்றன.

முதலில் மருத்துவர், பிறகுதான் தெரபி

இன்று சிறு நகரங்களில்கூட 'சைல்டு டெவலப்மென்ட் சென்டர்' என்ற பெயர்ப்பலகைகள் முளைத்துவிட்டன. திறமையானவர்கள் நடத்தும் மையங்களும் உண்டு. பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்று ஒரு மருத்துவர் கண்டறிவதற்கு முன்பே மாதக்கணக்கில் தெரபிக்குக் கட்டணம் வாங்கும் இடங்களும் உண்டு. இங்கேதான் எச்சரிக்கை தேவை.

குடும்பத்துக்குத் தெரிந்த குழந்தை நல மருத்துவரிடம் முதலில் பேசுவோம். பிள்ளையின் காது, கண் பரிசோதனையை முடித்துவிடுவது நல்லது. சரியாகக் காது கேட்காத பிள்ளையும் கவனிக்காத பிள்ளை போலவே தெரியும். தூக்கக் குறைவு, மூச்சுத் தடையோடு கூடிய குறட்டை, சில நொடிகள் வெறித்துப் பார்க்கும் ஒருவகை வலிப்பு, தைராய்டு கோளாறு ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். அதன்பின் குழந்தைகள் மனநல மருத்துவரையோ, குழந்தை வளர்ச்சித் துறை மருத்துவரையோ பார்க்க வேண்டும். மனநல மருத்துவர் என்ற பெயரைக் கேட்டுப் பின்வாங்கத் தேவையில்லை. பைத்தியம் என்ற முத்திரை குத்துவது அவர் வேலையல்ல.

சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள், வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிமான்ஸ் ஆகியவை இதற்கு நாடத்தக்க இடங்கள். முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்திலும் தெரபி வசதிகள் உண்டு. எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சரியான மருத்துவரை எப்படி அறிவது?

ஏ.டி.எச்.டி.யை உறுதி செய்ய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும். பிள்ளையின் படிப்பையோ பழக்கத்தையோ பாதிக்க வேண்டும். ஆகவே நல்ல மருத்துவர் பள்ளி ஆசிரியரின் கருத்தைக் கேட்பார், படிவம் கொடுத்து நிரப்பி வரச் சொல்வார், பிறப்பிலிருந்து எல்லா விவரமும் விசாரிப்பார். பத்து நிமிடத்தில் மருந்துச் சீட்டு நீட்டினால் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பதில் தவறில்லை.

நம் வீடுகள் பலவற்றில் வாப்பா வளைகுடாவில் இருப்பார். பிள்ளையைப் பற்றி அவருக்குத் தெரிவதெல்லாம் வீடியோ காலில் பார்ப்பதுதான். மருத்துவரைப் பார்க்கும் நாளில் அவரும் போனில் இணைந்து, சொல்வதை நேரடியாகக் கேட்பது நல்லது. 'நானும் சின்ன வயதில் இப்படித்தான் இருந்தேன்' என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம்கூட மருத்துவருக்கு முக்கியமான தகவல்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பலர் ஓடியாடித் தொந்தரவு செய்வதில்லை. அமைதியாக உட்கார்ந்து கனவு கண்டுகொண்டிருப்பார்கள். யாருக்கும் தொல்லை இல்லாததால் யாரும் கவனிப்பதுமில்லை.

மருந்தா, பயிற்சியா?

ஆறு வயதுக்குக் கீழே முதல் சிகிச்சை பெற்றோருக்கான பயிற்சிதான். கட்டளையைச் சுருக்கமாகச் சொல்வது, நல்லது செய்த உடனே பாராட்டுவது, அன்றாட வேலைகளுக்கு மாறாத ஒழுங்கு வைப்பது போன்றவை அதில் கற்றுத் தரப்படும். அதற்கு மேற்பட்ட வயதில், தேவைக்கேற்ப மருந்தும் பயிற்சியும் சேர்த்துத் தரப்படுகின்றன.

அமெரிக்காவில் 579 பிள்ளைகளை 14 மாதங்கள் கவனித்து 1999இல் வெளியான ஆய்வு இதில் முக்கியமானது. பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட, நெருக்கமான கண்காணிப்போடு மருந்து பெற்றவர்களிடம் அறிகுறிகள் அதிகம் குறைந்தன. வெளியே வழக்கமான சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலோரும் மருந்து எடுத்தவர்கள்தான். ஆனால் அவர்களிடம் அந்த அளவுக்கு முன்னேற்றம் இல்லை. மருந்து எழுதிக் கொடுப்பது தொடக்கம்தான் என்பதை இது காட்டுகிறது. அளவைச் சரிபார்த்து, பள்ளியைக் கேட்டு, எடை, உயரம், இரத்த அழுத்தம் பார்த்துத் தொடர்கிற மருத்துவரே நமக்குத் தேவை.

அதிகம் பயன்படும் மருந்து மெத்தில்ஃபெனிடேட். பசி குறைவதும் தூக்கம் தள்ளிப்போவதும் அதன் பொதுவான பக்க விளைவுகள். இந்தியாவில் இது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. இதைக் கேட்டதும் 'போதை மருந்தா?' என்று பயந்து பாதியில் நிறுத்துவோர் உண்டு. மருத்துவர் சொன்ன அளவில், அவர் கண்காணிப்பில் தரும்போது அந்தப் பயம் தேவையில்லை. விடுமுறைக்கு ஐக்கிய அரபு அமீரகம் செல்பவர்கள் மட்டும் மறந்துவிடக் கூடாது: இத்தகைய மருந்தை எடுத்துச் செல்ல அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் முன் அனுமதி வேண்டும். மற்ற வளைகுடா நாடுகளின் விதியையும் பயணத்துக்கு முன் விசாரித்துக்கொள்வோம்.

ரமளானில் இன்னொரு கேள்வி எழும். பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. பெரிய பிள்ளை நோன்பு வைக்க விரும்பினால், மருந்து நேரத்தை சஹர் வேளைக்கு மாற்றலாமா என்பதை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். நாமாக மாற்றக் கூடாது.

சட்டம் விட்டுவைத்த இடைவெளி

2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியச் சிறார் நலத் திட்டத்தில் கண்டறிய வேண்டிய 30 பாதிப்புகளில் ஏ.டி.எச்.டி.யும் ஒன்று. கண்டறியப்படும் பிள்ளைகளை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். ஆனால் மருத்துவக் குழு வருவது அங்கன்வாடிகளுக்கும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும்தான். தனியார் மெட்ரிக் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் அந்தக் கண்ணில் படுவதில்லை.

அடுத்தது, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. மத்திய அரசின் நிராமயா காப்பீடும் இவர்களுக்கு இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. இந்தப் பிள்ளைக்கோ வாராவாரம் தெரபி, மாதாமாதம் மருந்து. செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுகிறது.

ஆகவே கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறதா என்பதையும் சோதிக்கச் சொல்வோம். ஏ.டி.எச்.டி. பிள்ளைகள் பலருக்கு அதுவும் இருக்கும். உரிய சான்றிதழ் கிடைத்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு வழி பிறக்கும்.

மஹல்லாவின் பொறுப்பு

பிள்ளைக்காகத் துஆ செய்வதும் ஓதுவதும் நம் நம்பிக்கை. மருந்து செய்துகொள்வதும் நபிவழிதான். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தடுப்பதுதான் ஆபத்து. சிகிச்சை கிடைக்காத மனநோயாளிகள் என்ன ஆவார்கள் என்பதை 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் பார்த்தோம். சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். ஏ.டி.எச்.டி. அத்தகைய நோயல்ல. என்றாலும், மருத்துவத்தைத் தள்ளிப்போடும் மனப்பான்மை இன்னும் மாறவில்லை.

உஸ்தாதுமார்களின் பங்கு பெரிது. இப்படிப்பட்ட பிள்ளையை முதல் வரிசையில் உட்கார வைக்கலாம். பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுக்கலாம். இடையில் எழுந்து தண்ணீர் எடுத்து வரச் சொல்லலாம். அடித்தால் கவனம் வராது. மதரஸாவின் மீது வெறுப்புதான் வரும். பள்ளிக்கூடத்தில் அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே தடை செய்கிறது.

ஜமாஅத் நிர்வாகங்கள் கண் சிகிச்சை முகாம் நடத்துவதைப்போல வருடத்துக்கு ஒருமுறை குழந்தைகள் மனநல மருத்துவரை அழைத்து முகாம் நடத்தலாம். பைத்துல்மால் நிதியிலிருந்து ஏழைப் பிள்ளைகளின் தெரபிக்கு உதவலாம். சமுதாயம் நடத்தும் தனியார் பள்ளிகளுக்கும் பரிசோதனைக் குழுவை அனுப்புமாறு மாவட்ட நிர்வாகத்திடம் மனுக் கொடுக்கலாம். ஏ.டி.எச்.டி.யைச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கக் கோரி நம் மக்கள் பிரதிநிதிகளை வலியுறுத்துவதும் நம் கடமை.

ஏழு வயதில் கண்டறியப்படும் பிள்ளைக்கும் பதினைந்து வயதில் கண்டறியப்படும் பிள்ளைக்கும் இடையே எட்டு வருட அடியும் ஏச்சும் இருக்கின்றன. 'மக்குப் பிள்ளை' என்று அவனே நம்பத் தொடங்குவதற்குள் நாம் முந்திக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.